நூறாவது பறவைக்கு ஒரு சாட்சி

1

இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பூங்காவில் நடக்கப் போனவன், இரண்டாம் சுற்றுக்கு மனமில்லாமல் குளக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்த பெஞ்சில் இருவர் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். காதில் விழுந்தது பாதி. மீதி என் சரக்கு.

தொடக்க வாக்கியத்துக்கு மூன்று முயற்சிகள்:

இலையுதிர் காலத்தின் பொன்னொளி பூங்காவெங்கும்— (இல்லை. அன்று மேகமூட்டம்.)

ஒவ்வொரு பறவையும் ஒரு— (இல்லவே இல்லை.)

நாணலின் அடியில், சேற்றோரமாக, பழுப்புக் குருவி ஒன்று வாலை நிமிர்த்தி நின்றது, தொண்டையில் நீலம், நீலத்தின் நடுவே துருநிறப் பொட்டு, இருமுறை தத்தியபின்— (இங்கே நிறுத்தினேன். தேடுகிறவர்களைக் காட்டுமுன் பறவையைக் காட்டுவது முறையன்று. அடித்துவிட்டேன். நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.)

2

தேடுகிறவர்கள் இருவர். ஒருவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண்மணி. வாரத்தில் ஆறு நாள் மருத்துவர்களின் கையெழுத்தோடு மல்லுக்கட்டுவதால் எதையும் இருமுறை சரிபார்ப்பவர். மற்றவர் லிஃப்ட் மெக்கானிக். முதல் பிரதியில் இவரைக் கணவராக்கியிருந்தேன். கணவர் இவ்வளவு துணிந்து வாயாடமாட்டார் என்று தோன்றவே, கொழுந்தனார் ஆக்கினேன்; பெண்மணி அவருக்கு அண்ணி ஆனார். கதை உடனே மூச்சு விட்டது.

ஒன்பது ஆண்டுகளாக இருவருக்கும் ஒரே பூங்கா, ஒரே நோட்டு. வலசை வரும் பறவைகள் இந்தப் பருவத்தில் குளத்தில் இறங்கி இளைப்பாறும். நோட்டில் ஏறியவை தொண்ணூற்றொன்பது வகை. நாளை தூர்வாருவதற்காகக் குளத்தை மூடுகிறார்கள். நாணல் அடியோடு போய்விடும். நூறு ஆக வேண்டுமானால் இன்றே ஆக வேண்டும்.

அட்டையின் உட்புறத்தில் அண்ணியின் கையெழுத்தில் ஒரு விதி: ‘இரண்டு பேர் பார்த்தால்தான் கணக்கு.’ மூன்றாண்டுகளுக்கு முன், கொழுந்தனார் தனியாக ஓர் ஆந்தையைப் பார்த்ததாக ஓடிவந்த நாளில் எழுதப்பட்டது. ஆந்தை நோட்டில் ஏறவில்லை. அவர் அதை மறக்கவில்லை; மறக்க விடவுமில்லை.

3

ஏழே முக்காலுக்கு அண்ணி அசையாமல் நின்றார். நாணலுக்குக் கீழே நீலத்தொண்டைக் குருவி என்று உதடு பிரியாமல் சொன்னார்.

கொழுந்தனார் தொலைநோக்கியை எடுத்திருக்க வேண்டும். அவர் புத்தகத்தை எடுத்தார். அது எப்படியிருக்கும் என்று தெரிந்துகொண்டு பார்க்கலாமே என்ற நல்லெண்ணம். பக்கத்தைக் கண்டுபிடித்து நிமிர்ந்தபோது நாணல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“பார்த்தியா தம்பி?”

“பார்த்தேன் அண்ணி. தொண்டை நீலம். நடுவுல பொட்டு.”

“எங்க பார்த்தே?”

சற்று யோசித்தார். “நூத்தி நாப்பத்திரண்டாம் பக்கத்துல.”

(முந்தைய பிரதியில் அவரைப் பொய் சொல்ல வைத்தேன். படித்துப் பார்த்தால் பேசியது மெக்கானிக் அல்லர், நான்.)

அண்ணி பென்சிலை எடுத்தார், வைத்தார், மீண்டும் எடுத்தார். கொழுந்தனார் பிளாஸ்கைத் திறந்து தேநீரை ஊற்றியபடி வழி சொன்னார்.

“விதியை அடிச்சிருங்க. நானா வேண்டாங்குறேன்? ஆனா அடிச்சா என் ஆந்தை முன்னாடி வந்து நிக்கும். அதுதான் நூறு. உங்களுது நூத்தியொண்ணு.”

“நீ கண்ணாடி போட்டதே ஆந்தைக்கு அப்புறம்தானே.”

“பெரிய ஆந்தை அண்ணி. கண்ணாடி தேவைப்படலை.”

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபின் அட்டையைத் திருப்பி, தான் எழுதிய விதியைப் படித்தார். பார்த்ததை எழுத முடியாவிட்டால் எப்படியிருக்கும் என்பது மூன்றாண்டு தாமதமாக அவருக்குத் தெரிந்தது.

4

முடிவுகள்.

(அ) குருவி திரும்பி வருகிறது. எனக்கு ஒரு வரிச் செலவுதான். எழுதிப் பார்த்தேன், மருந்துச்சீட்டை இருமுறை படிக்கிறவர் அதை நம்பமாட்டார்.

(ஆ) விதியை அடித்து, ஆந்தைக்கு நூறாம் இடம் தருகிறார். கொழுந்தனார் ஆயுள் முழுவதும் பெருமையடிப்பார். அண்ணிக்கு அதுவும் தெரியும்.

(இ) தொண்ணூற்றொன்பதோடு நோட்டு மூடப்படுகிறது. நேர்மையான முடிவு, எனக்கு மனம் வரவில்லை.

இதற்குள் அண்ணி என் பெஞ்சுப் பக்கம் திரும்பி, “சார், நீங்க பார்த்தீங்களா?” என்று கேட்டுவிட்டார். நான் தலையசைத்து மறுத்தேன். பறவையை எழுதியவனே அதற்குச் சாட்சியும் சொன்னால் எடுபடாது.

ஆனால் விதியை ஊன்றிப் படியுங்கள். ‘இரண்டு பேர்’ என்றுதான் இருக்கிறது. இரண்டாமவர் கொழுந்தனாராகவே இருக்க வேண்டும் என்று எங்குமில்லை. முதல் பகுதியில், நான் அடித்த வாக்கியத்தில், குருவி வாலை நிமிர்த்தி நின்றபோது அங்கே இன்னொருவர் இருந்தார். படிக்கவில்லை என்று வைத்துக்கொள்வதாக என்னிடம் ஒப்புக்கொண்டவர்.

கொழுந்தனார் விடமாட்டார். “இவங்களும் பக்கத்துலதானே பார்த்தாங்க?” என்பார். அதற்குப் பதில் உங்களிடம் இருக்கலாம்.

அண்ணி 100 என்று எழுதி, தேதி போட்டுவிட்டார். பறவையின் பெயருக்கும் சாட்சியின் கையெழுத்துக்கும் இடம் காலியாக இருக்கிறது. நோட்டு இப்போது உங்கள் மடியில். பென்சில் கூராகத்தான் இருக்கிறது. நான் இருமுறை சரிபார்த்துவிட்டேன்.