எதிரெதிர் நாற்காலிகள்

நாற்காலிகளைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் நன்றாயிருக்கும் என்று மகள் சொன்னபோது யாரும் எழுந்திருக்கவில்லை. கூடம் குறுகலானது. நடுவில் அப்பாவைப் படுக்க வைத்திருந்தார்கள். வாடகை நாற்காலிகளைக் கொண்டுவந்தவர் இந்தச் சுவரோரம் ஒரு வரிசை, அந்தச் சுவரோரம் ஒரு வரிசை என்று போட்டுவிட்டுப் போயிருந்தார். அவர்மேல் குற்றமில்லை, வேறு எப்படியும் போட முடியாது. வந்தவர்கள் உட்கார்ந்த விதம்தான் கவனிக்கத்தக்கது. அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, நேராக இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள். மாடிவீட்டு டெய்லரம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வலப்பக்கம் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றும்போதே இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்து, தாங்கள் எந்தக் கட்சி என்று முடிவு செய்துகொண்டுதான் உள்ளே வந்தார்கள். இடப்பக்கம் அப்பாவுக்கு, வலப்பக்கம் அம்மாவுக்கு. இந்த நேரத்தில் எழுந்து நாற்காலியைத் திருப்பினால் கட்சி மாறியதாக ஆகிவிடாதா?

அம்மா சமையலறையில் இருந்தாள். அப்பாவைக் கூடத்தில் கிடத்தியதிலிருந்து வெளியே வரவில்லை. மயான வண்டி வருவதற்குள் அவள் ஒரு தடவையாவது வந்து அவர் பக்கத்தில் உட்கார வேண்டும், ஒரு வார்த்தையாவது பேச வேண்டும் என்பது மகளின் கவலை. கூடத்தில் இருந்தவர்களும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். ஆனால் அதைக் கவலை என்று சொல்ல முடியாது.

எல்லாம் எதிர்வீட்டு மேனேஜரால் வந்தது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றும் பட்டத்தை மட்டும் திருப்பிக் கொடுக்காதவர். தொலைக்காட்சியில் ஒரு விவாத நிகழ்ச்சி வருமே, இரண்டு கூட்டத்தை எதிரெதிரே உட்காரவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டியதையெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பேசச் சொல்வார்களே, அதில் பேசப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர், துணைக்கு அப்பாவையும் கூட்டிப்போனார். அன்றைய தலைப்பு, முதுமையில் தனிமை. அப்பாவுக்கு அதைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் கிடையாது. போன இடத்தில் தனிமைக்காரர்கள் பக்கம் ஓர் ஆள் குறைந்தது. காதில் ஒயர் மாட்டிய பெண் ஒருத்தி வந்து, அந்தப் பக்கம் உட்காருங்கள் சார், தனிமையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள், கண் கலங்கினால் இன்னும் நன்றாயிருக்கும் என்று கேட்டாளாம்.

அப்பா வாழ்நாள் முழுவதும் திரைச்சீலைக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். ஊதாச் சுவருக்குப் பச்சைத் திரை பொருந்துமா என்று கணவன் கேட்டால் பிரமாதமாகப் பொருந்தும் என்பார். பொருந்தவே பொருந்தாது என்று மனைவி சொன்னால் அதுவும் சரிதான் என்பார். கேட்டதை எடுத்துக் கொடுக்காமல் இருக்கத் தெரியாத மனிதர். மைக் கைக்கு வந்ததும் எழுந்து நின்று, "எங்க வீட்ல என்கூட யாருமே பேசறதில்லங்க" என்றார். கண்ணும் கலங்கியது. விளக்குச் சூட்டினால் கலங்கியது என்று பிறகு சொன்னார். அரங்கமே கைதட்டியது. மேனேஜருக்குக் கடைசிவரை மைக் வரவில்லை.

அது டீவியில் வந்த அன்று அம்மா பார்த்தாள். தெருவில் பாதிப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீயும் போட்டுக் கொடுத்துவிட்டுப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை அவரிடம் ஓயாமல் பேசுகிறவள் அவள். தூக்கத்தில் பேசியதற்கும் சாட்சி உண்டு. எல்லாரும் போன பிறகு அப்பா அந்த ஒயர் பெண்ணைப் பற்றி எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அம்மா காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டே, "ஊருக்கே சொல்லிட்டு வந்துட்டீங்க. அது பொய்யாகிடக் கூடாதில்ல" என்றாள்.

அவரிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அதுவாயிற்று இரண்டு வருடம்.

அதற்கப்புறம், வேறு ஊரில் கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகள் வழியாகத்தான் குடித்தனம் நடந்தது. அம்மா சமையலறையிலிருந்து மகளுக்கு ஃபோன் செய்வாள், உங்கப்பாகிட்ட சொல்லு, டீ ஆறுது என்று. மகள் பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டே அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்வாள். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா, காதில் விழுந்ததும்மா என்பார். நடுவில் ஒரு சுவர், அதிலும் பாதி கதவு. சேதி மட்டும் ஊர்விட்டு ஊர் போய்த் திரும்பி வரும். மகள் திட்டிப் பார்த்தாள், சிரித்துப் பார்த்தாள், கடைசியில் வந்த பார்சலைச் சேர்ப்பதுதானே நம் வேலை என்று விட்டுவிட்டாள்.

இன்று காலையும் டீ ஆறியது. மகள் அப்பாவைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அதுவும் அடித்து ஓய்ந்த பிறகு அம்மாவே மகளைக் கூப்பிட்டாள். "நீ அடிக்கிறது இங்க கேக்குது. அவர் சட்டைப் பையிலதான் இருக்கு. நீ கிளம்பி வா" என்றாள்.

கூடத்தில் இதற்குள் நிகழ்ச்சி ஆரம்பமாகியிருந்தது. பேச்சுத் துணை இல்லாமலே தன் அண்ணன் வாடிப்போய்விட்டதாக அத்தை மூக்கைச் சிந்தினாள். வீட்டு விஷயத்தை டீவியில் கொண்டுபோய் வைத்தால் எந்தப் பொம்பளைக்குத்தான் மனசு ஆறும் என்று டெய்லரம்மா தன் முழங்காலைப் பார்த்துச் சொன்னாள். அதற்காக இரண்டு வருஷமா என்றது இடப்பக்கம். சொன்னவர் இரண்டு கோடிப் பேர் முன்னால் சொன்னாரே என்றது வலப்பக்கம். நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் கணக்கு தெருவில் வாய்க்கு வாய் அன்றைக்கே ஏறிவிட்டிருந்தது. மேனேஜர் தலைமாட்டில், இரண்டு வரிசைக்கும் நடுவாகத் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே வரக் கூடாது என்று கையைத் தூக்கினார்.

அத்தை அவர் பக்கம் திரும்பினாள். "மொதல்ல அவரைக் கூட்டிட்டுப் போனதே நீங்கதானே சார்?"

"அது வேற தலைப்பும்மா" என்றார் மேனேஜர். "அதுக்கு அப்புறமா வருவோம்."

மகள் எழுந்து சமையலறைக்குள் போனாள். அம்மா தரையில் உட்கார்ந்து, துடைத்து வைத்த டம்ளர்களையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். காலை டீ மேடைமேல் ஏடு கட்டி நின்றது.

"வண்டி வரப்போகுதும்மா. வந்து கொஞ்ச நேரம் உக்காரு."

"எந்தப் பக்கம்?" என்றாள் அம்மா.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் அழுதா ஒரு வரிசைக்கு சந்தோஷம். அழலன்னா இன்னொரு வரிசைக்கு."

"அவங்களுக்காக வராதம்மா."

அம்மா ஒரு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ஃபோன் அடிச்சுட்டே இருந்துச்சு. நானே ஒரு குரல் குடுக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "நீ மறுபடி அடிச்ச."

வாசலில் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் நிலைப்படியில் நின்று, "எடுத்துரலாங்களா?" என்று பொதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் அம்மா வெளியே வந்தாள். இரண்டு வரிசையும் ஒரே சமயத்தில் முன்னால் சாய்ந்தது. அம்மா யாரையும் பார்க்கவில்லை. கொஞ்சம் நகருங்கள் என்று மேனேஜரிடம் சொன்னாள். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். அம்மா அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சட்டையைப் பார்த்தாள். அத்தை போட்டுவிட்ட புதுச்சட்டை, பட்டன்கள் ஒரு ஓட்டை மாறியிருந்தன.

"இப்படி மாத்திப் போட்டிருக்காங்க, நீங்களும் பேசாம படுத்திருக்கீங்க" என்றாள்.

பிறகு ஒவ்வொரு பட்டனாகக் கழற்றி ஒழுங்காகப் போட ஆரம்பித்தாள். போட்டுக்கொண்டே பேசினாள். அழுகை இல்லை, உருக்கம் இல்லை. காய் நறுக்கும்போது பேசுவாளே, அந்தக் குரல். டெய்லரம்மா தைத்துக் கொடுத்த ரவிக்கையில் கை நுழையவே இல்லை என்றாள். உங்கள் தங்கச்சி வாங்கிப்போன குக்கர் போன இடத்திலேயே தங்கிவிட்டது என்றாள். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை இப்போதும் நம் வாசலில்தான் நிறுத்துகிறார், உங்களுக்குக் கேட்க வாய் வராது என்றாள். குளியலறைக் கதவு உப்பிக்கொண்டது, மகள் இளைத்துப்போனது, கண் டாக்டர் சொன்னது, இரண்டு வருடத்துச் சேதி வரிசை வரிசையாக வந்தது. சம்பந்தப்பட்டவர்கள் அவரவர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். எந்தப் பக்கத்துக்கு வெற்றி என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு சேதி முடிந்ததும் அம்மா கொஞ்சம் நிறுத்தினாள். மூச்சு வாங்குகிறாள் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த இடத்தில் அப்பா "ம்" என்பார் என்று மகளுக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தாள், அதற்குள் அம்மா அடுத்த சேதிக்குப் போயிருந்தாள்.

"குழாய்க்காரன் நாளைக்கு நாளைக்குன்னே சொல்றான்" என்று அம்மா நிறுத்தினாள்.

"ம்" என்றார் ஓட்டுநர்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் பட்டனைப் போட்டுவிட்டு, காலரைச் சரிசெய்தபடி அடுத்ததைச் சொல்லத் தொடங்கினாள். ஓட்டுநர் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிலைக்கதவில் சாய்ந்து நின்றார்.