குரலை மாற்றும் வேலை

புத்தகம் எழுதினவர்கள் வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டார்கள். இது பூவரசனின் மூன்று வருஷ அனுபவம். சென்னையில் பிரியதர்ஷினி என்றொரு பெண் பாட்காஸ்ட் நடத்துகிறாள். கதை, கவிதைப் பக்கம் தலை வைக்க மாட்டாள். ஏரியைப் பற்றி, வியாதியைப் பற்றி, கூலியைப் பற்றி என்று நடந்ததை எழுதினவர்களாகப் பார்த்துக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவாள். அவர்களும் இரண்டு மணி நேரம் பேசுவார்கள். அதில் இருமல், செருமல், தண்ணீர் குடிக்கிற சத்தம், 'வந்து... வந்து' என்கிற இழுவை எல்லாவற்றையும் வெட்டிப் போட்டு ஒரு மணி நேரமாக்கிக் கொடுப்பது பூவரசன் வேலை. வெட்டின இடம் யார் காதுக்கும் தெரியாது. அதில் ஆள் கில்லாடி.

இத்தனையையும் அவன் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலை ஊரில், ஓட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிறான் என்பது பிரியதர்ஷினிக்குத் தெரியாது. எந்த ஊர் என்று கேட்டதற்கு ஆலங்காயம் என்று சொல்லி வைத்திருந்தான். மலை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று மலைக்காரர்கள் எல்லோருக்கும் அத்துப்படி. 'ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டப் போவீங்களே, அந்த ஊரா?' இந்தக் கேள்விக்குப் பயந்தே, வாணியம்பாடியில் கல்யாண வீடியோ கடையில் வேலை பார்த்த காலத்திலிருந்து அவன் ஆலங்காயத்துக்காரன். அந்தப் பொய்யை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அந்த ஃபைல் அவனிடம் வந்தே இருக்காது.

அவன் அப்பா காசி, அப்படிச் செம்மரம் வெட்டப் போனவர்தான். போய்ப் பத்து வருஷம் ஆகிறது. ஆள் வரவில்லை, பிணமும் வரவில்லை. போலீஸ் துரத்தினார்கள், இருட்டில் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம், அவ்வளவுதான் தெரியும் என்றார்கள் கூடப் போனவர்கள். எங்கேயோ ஒரு ஜெயிலில் பேரை மாற்றிச் சொல்லிக்கொண்டு இருக்கிறார் என்று பூவரசன் நம்பினான். வருஷா வருஷம் புளி உலுக்கி முடிந்ததும், போட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். ஜெயில் வாசல், பஸ் ஸ்டாண்டு, கோயில் மண்டபம் என்று பத்து நாள் நாயாய் அலைந்துவிட்டு, கறுத்து இளைத்து வந்து சேருவான். அவன் அம்மா குப்பம்மா ஒவ்வொரு வருஷமும் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து ஜீப் ஏற்றிவிடுவாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. காசி இனி வர மாட்டார் என்று ஊரில் யாராவது வாயெடுத்தால் அவள் முறைக்கிற முறைப்பில் பேச்சு அப்படியே நின்றுவிடும்.

அன்று காலை டவர் கிடைக்கிற பாறை வரைக்கும் நடந்து போய் ஃபைலை இறக்கிக்கொண்டு வந்தான். கூடவே பிரியதர்ஷினி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். 'பூவரசன், நாற்பத்தோராவது நிமிஷத்துல ஒரு அம்மா பேசுவாங்க. சார் அவர் போன்ல ரெக்கார்ட் பண்ணது. யாருன்னு தெரியக்கூடாது, குரலை மட்டும் மாத்திடுங்க. அழுகையை வெட்டிடாதீங்க ப்ளீஸ். அதுதான் எபிசோடுக்கே உயிர்.'

ஆமாம், ஊரான் வீட்டு அழுகைதானே, உயிராகத்தான் இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஹெட்போனை மாட்டினான்.

சார் என்பவர் குணசீலன். ஒடுகத்தூர்க்காரர், பத்திரிகையில் நிருபராக இருந்து ஓய்வு பெற்றவர். செம்மரம் வெட்டப் போய்த் திரும்பாதவர்களின் மனைவிமார்களைத் தேடிப் போய்ப் பேசி ஒரு புத்தகம் போட்டிருந்தார். விஷயம் இது என்று தெரிந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் பூவரசனுக்கு முதலில் தோன்றியது. பிறகு ஒரு நப்பாசை. இவர் இத்தனை பேரைப் பார்த்திருக்கிறாரே, அப்பாவைப் பற்றி ஒரு துப்பு கிடைக்காதா? ஒரு ஜெயில் பேர், ஒரு ஊர்ப் பேர், எதுவானாலும் போதும். வழக்கமாக வெட்டிக்கொண்டே கேட்பவன் அன்று எதையும் வெட்டாமல் ஒரு மாணவனைப் போல முழுசாகக் கேட்டான். வாசலில் அம்மா புளி தட்டிக்கொண்டிருந்தாள். கல்லால் டொக்கு டொக்கென்று அவள் தட்டுவது ஹெட்போனையும் மீறி மெல்லக் கேட்டது.

"அம்சவல்லின்னு வச்சுக்குவோம்" என்றார் குணசீலன். "பேர், ஊர் ரெண்டையும் மாத்திட்டேன். நான் போனப்ப அவங்க பையன் வீட்ல இல்ல. அப்பாவைத் தேடி ஆந்திராவுக்குப் போயிருக்கான்னாங்க. அரிசி களைஞ்சிக்கிட்டே சாதாரணமாச் சொன்னாங்க மேடம். அவன் தேடப் போயிருக்கான், ஆனா அவரு இல்லீங்கன்னு."

ஐயோ பாவம், என்னை மாதிரி ஒருத்தன், என்று பூவரசன் நினைத்தான். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான். அதற்குள் அந்த அம்மாவின் குரல் வந்துவிட்டது.

"யாருக்கும் சொல்லாம ஆந்திராவுக்குத் தேடிப் போனேன், போலீசுல போட்டோ காட்டனாங்க சாமி. மூஞ்சி வீங்கிப் போயிருந்துச்சு. பள்ளத்துல வுழுந்தாராம். மூஞ்சி தெரியலன்னா இன்னா, சட்ட தெரியும்ல? எம் புள்ள ஸ்கூலுக்குப் போட்ட சட்ட அது. பேட்ஜ பிரிச்ச எடத்துல பாக்கெட்டுல ஊசி ஓட்ட வரிசையா இருந்துச்சு."

அந்த பேட்ஜைப் பிளேடால் பிரித்தவனே பூவரசன்தான். ஸ்கூல் பையன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் பார் என்று கூட வருகிறவர்கள் அப்பாவைக் கிண்டல் பண்ணுவார்களே என்று, ஒவ்வொரு நூலாகப் பிரித்துக் கொடுத்தான். சட்டை வேறு யாருடையதாகவாவது இருக்கட்டும் என்று ஒரு கணம் சாமியைக் கும்பிட்டான். குரலை என்ன செய்வது? இருபத்தேழு வருஷமாகக் கேட்கிற குரல்.

"உம் புருஷனான்னு கேட்டாங்க. ஆமான்னா வுடுவாங்களா? யாரு கூட்டினு போனது, உங்க வூட்ல இன்னும் யாரு போனாங்கன்னு கேப்பாங்க. முந்தின மாசந்தான் எம் புள்ளயும் அவரு கூட ஒருவாட்டி போய்ட்டு வந்திருந்தான், அரிசி மூட்ட தூக்கறதுக்கு. பதினேழு வயசு சாமி. அவனயும் தூக்கினு பூட்டா நான் இன்னா பண்ணுவேன்? இவரு எம் புருஷன் இல்லீங்கன்னு சொல்ட்டேன். அனாதப் பொணம்னு அவங்களே பொதச்சிட்டாங்க. தூரமா நின்னு பாத்துட்டு வந்தேன். ஒரு கை மண்ணு போடல."

அரிசி களைகிற சத்தம் கேட்டது. பிறகு மறுபடியும் குரல்.

"எம் புள்ளைக்குத் தெரிய வேணாம் சாமி. அவன் தேடிக்கினு இருக்கட்டும். தேடற வரிக்கும் அவனுக்கு அப்பன் இருக்கான்."

அதற்குப் பிறகு அழுகை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுகிற அழுகை. அம்மா அழுது அவன் கேட்டதே இல்லை. வெளியே டொக்கு டொக்கென்று கல் விழுந்துகொண்டிருந்தது.

அவனுக்குப் பதினெட்டு வயசு ஆனதைக்கூட அப்பா பார்க்கவில்லை, பதினேழிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அலைந்ததெல்லாம் இல்லாத ஆளுக்காக. அவன் ஒருத்தன் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக அப்பா அனாதையாக மண்ணுக்குள் போயிருக்கிறார். அம்மாவின் மேல் கோபம் வந்தது. பத்து வருஷம் என்னைத் தெருத்தெருவாக அலைய விட்டாயே! அடுத்த நொடியே அவள் ஒவ்வொரு வருஷமும் கட்டிக்கொடுத்த சோறு ஞாபகம் வந்தது. எதற்கும் பிரயோஜனமில்லை என்று தெரிந்தே கட்டின சோறு. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதான், அம்மாவைப் போலவே.

அப்புறம் வேலையைப் பார்த்தான். வேறு என்ன செய்வதென்று தெரியாதவன் கை, பழகின வேலைக்குத்தான் போகும். குரலைக் கீழே இறக்கினான். அம்மாவாகவே இருந்தது. இன்னும் இறக்கினான். ஆம்பளைக் குரலாகிவிட்டது, அப்போதும் அம்மாதான். 'சாமி' என்பதற்கு முன்னால் ஒரு மூச்சு வாங்குவாளே, அதை எந்தக் கருவியாலும் மாற்ற முடியவில்லை. யாருக்கும் தெரியாது, தனக்குத் தெரியும். இதை ஊரெல்லாம் பஸ்ஸில் போகும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் கேட்பார்கள் என்று நினைத்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நிமிஷம் பதினோரு செகண்டு. முன்னும் பின்னும் வெட்டித் தூக்கிவிட்டு, இரு முனையையும் சேர்த்து ஒட்டினான். பிரியதர்ஷினி கேட்டால் கேட்கட்டும், வேலையே போனாலும் போகட்டும். வெட்டின இடம் தெரியவில்லை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வந்தான்.

"காதுல அத்த மாட்டிக்கினா உனக்கு ஒலகமே தெரியாது" என்றாள் குப்பம்மா, நிமிராமலே. "எத்தினி வாட்டி கூப்புடறது? களி ஆறிப்போச்சு. இந்த வருசம் எப்பக் கெளம்பற? கேவுரு மாவு அரச்சு வைக்கணும்."

வர்ற வாரம் என்று சொல்லிவிட்டால் போதும். அவள் ஆசைப்பட்டதும் அதுதான். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இன்னொரு வருஷம் அவள் உண்மையைத் தனியாகச் சுமந்துகொண்டு சோறு கட்டுவதை நினைத்துப் பார்க்க அவனால் முடியவில்லை.

எதிரில் போய் உட்கார்ந்தான். "இந்த வருசம் நீயும் வாம்மா."

"நான் எதுக்குடா? வூட்டயும் மாட்டயும் யாரு பாத்துப்பா?"

"எனக்கு எடம் தெரியாதும்மா. உனக்குத்தான தெரியும்."

கல் பிடித்த கை அப்படியே நின்றது. குப்பம்மா தலை தூக்கி மகன் முகத்தைப் பார்த்தாள். வீங்கின கண்ணைப் பார்த்தாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை. புளி ஒட்டின கையால் தாலியைப் பிடித்துக்கொண்டாள். பத்து வருஷம் முந்தானைக்குள் வைத்திருந்த சத்தம் முழுவதும் ஒரேயடியாக வந்தது. நிலத்தில் கவிழ்ந்து விழுந்து மண்ணை இரண்டு கையாலும் அடித்து அடித்து அழுதாள்.

பக்கத்து வீட்டு மாணிக்கம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "இன்னாடா ஆச்சு? யாருக்கு இன்னாடா?"

"அப்பா செத்துட்டாரு சித்தி" என்றான் பூவரசன்.

"அய்யோ! எப்படா?"

"இப்பதான்" என்றான்.

மாணிக்கம்மாள் கொண்டையை அவிழ்த்துப் போட்டு, குப்பம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காசியின் பேரைச் சொல்லி ஒப்பாரியை எடுத்தாள்.