மருமகன் எழுதாத வரி

ஒரே ஒரு வாக்கியத்தால் ஓர் உயிரைக் காப்பாற்றியவன் நான். வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும். அந்த உயிரிடம் அப்போது என் கோட்டுத் துணி இருந்தது என்பதை மட்டும் வரலாறு கண்டுகொள்ளாமல் விட்டால் போதும்.

தெருவாருக்கு நான் தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவன். உண்மையில் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், வெளிநாட்டுக் கடிதங்களைப் பிரித்து மொழிபெயர்த்து அதிகாரியிடம் கொடுக்கிறவன். என் மொழிநடையின் அழகால் மாதம் நாலைந்து பேர் ஜெயிலுக்குள் போவார்கள்.

ஒரு நாள் எதிர்வீட்டுத் தையற்காரருக்கு வந்த உறை என் மேஜைக்கு வந்தது. அவருடைய வெளிநாட்டு மருமகன் எழுதியிருந்தார்: "உங்கள் நாட்டுத் தலைவர் முழுக் கோமாளி. சீக்கிரம் எங்களிடம் வந்துவிடுங்கள்."

அப்படியே எழுதிக்கொடுத்தால் மாமனார் அன்று மாலையே ஜெயில். தலைவர் தரும் விருந்துக்கு நான் அவர் தைக்கவேண்டிய கோட்டு இல்லாமல் பழைய சட்டையில் போக வேண்டியதுதான். பேனாவை எடுத்தேன். "உங்கள் தலைவரைப் போல் ஒருவர் எங்களுக்கு வாய்க்கவில்லையே என்று ஏங்குகிறோம்."

கோட்டு கைக்கு வந்தபிறகு கடிதம் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? இந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்பதில்லை. பதில் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

அதிகாரி உருகிப்போனார். என் வாக்கியம் பத்திரிகையின் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி வந்தது. தையற்காரருக்கு மேடை, பதக்கம், தெருக்குழுத் தலைவர் பதவி. கூடவே, மகளைப் பார்க்க அவர் நாயாய் அலைந்து வாங்கியிருந்த பயண அனுமதி ரத்து. இப்பேர்ப்பட்ட விசுவாசியைப் பிரிய நாட்டுக்கு மனம் வரவில்லையாம்.

மறுநாள் கோட்டுக்கு அளவு கொடுக்கப் போனேன். பதக்கம் ஊசி டப்பாவுக்குள் கிடந்தது.

"தம்பி, பேத்தி பொறந்து ரெண்டு வருஷமாச்சு. இன்னும் மூஞ்சியப் பாக்கல. எம் மருமகன் இப்படியெல்லாம் எழுதுற ஆளே இல்ல. நடுவுல எவனோ புளுகியிருக்கான். நீங்க தபால் ஆபீஸ்தானே, யாருன்னு தெரியுமா?"

"யாராச்சும் அரைகுறையா இருக்கும்ணே."

"அரைகுறையா? பதக்கம் வாங்குற அளவுக்கு எழுதியிருக்கான், களவாணிப் பய! கையில மட்டும் கெடச்சான்..." கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு டேப்பை என் வயிற்றைச் சுற்றிப் போட்டார். "ஏன் தம்பி மூச்சப் புடிக்கிறீங்க? சாதாரணமா நில்லுங்க."

"இதாண்ணே சாதாரணம்."

உண்மை தொண்டை வரை வந்தது. மூச்சைப் பிடித்திருந்ததால் அங்கேயே நின்றுவிட்டது.

அவர் நோட்டில் அளவைக் குறித்துக்கொண்டார்.

கோட்டு அருமையாக வந்திருக்கிறது. பொத்தான்தான் ஒன்றுகூடப் போட முடியவில்லை.