விழுகிற வேலை

...முதலில் சாப்பிட்டீங்களோ என்று கேட்பேன், பிறகு மெதுவாகச் சொல்லுவேன், அம்மா, அது ஒரு எக்ஸ்பெரிமெண்ட், நான் மெய்யா விழேல்லை, சைக்கோலஜி வகுப்புக்காக விழுந்தனான்... கேட்க எப்படி இருக்கிறது, வகுப்புக்காக விழுகிறாளாம், நல்ல படிப்பு. விக்டோரியா பார்க் ஸ்டேஷன் வந்துவிட்டது, வீட்டுக்குப் போவதற்குள் ஒழுங்காகச் சொல்லப் பழகிவிட வேண்டும். ஆய்வுகூடத்தில் இருத்திவைத்துக் கேட்டால் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்களாம், அதனால்தான் வெளியே, தாங்கள் பரிசோதனையில் இருப்பதே தெரியாத சனத்துக்கு நடுவே, களப் பரிசோதனை. ஒரு கிழமை நான் சேலையும் பொட்டும், மறு கிழமை ஜீன்ஸ், மற்ற எதுவும் மாறக்கூடாது, அதே சப்வே படி, அதே தோடம்பழப் பை, தூக்கிவிட வருகிற எவருக்கும் அதே ஒரு வசனம், 'ஐ ஆம் ஃபைன், தாங்க் யூ.' அப்போதுதான் சனம் உடுப்பைப் பார்த்து உதவுகிறதா என்று தெரியும். டோக்கன் விற்கிற பெட்டியடியில் கேரன் நின்று யார் யார் உதவ வருகிறார்கள் என்று குறிப்பாள், என் வகுப்புக்காரி, பிக்கரிங்கில் பெரிய வீடு, ஒருநாளும் என்னைக் குறைவாக நடத்தாதவள்... அவளை இதற்குள் இழுக்காதே சாம்பவி, அவள் என்ன செய்தாள்?

இன்றைக்கு ஜீன்ஸ். விழுந்தேன், பழங்கள் உருண்டன, கோட்டுப் போட்ட இரண்டு பேர் விலகிப் போனார்கள், அப்போது மேல்படியிலிருந்து, 'ஐயோ, என்ரை பிள்ளை!' அம்மா. ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற வேலை, முடிய எப்போதும் பொழுதுபடும், இன்றைக்குப் பார்த்து ஏன் நேரத்தோடு விட்டார்கள்... திறந்த ஜக்கெற்றுக்குள்ளே அந்த நீல யூனிஃபோர்ம், கையில் ப்ளீச் மணம், 'எங்கையம்மா அடிபட்டது? காலை நீட்டு பாப்பம்' என்று முழங்காலைத் தடவுகிறார், கேரன் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் சொன்னேன், 'ஐ ஆம் ஃபைன், தாங்க் யூ.' அம்மாவுக்கு. பெற்ற தாய்க்கு. அம்மா என் முகத்தைப் பார்த்தார், கேரனைப் பார்த்தார், தன் யூனிஃபோர்மைப் பார்த்தார், ஜக்கெற்றின் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினார். பிறகு, ஆள் இருக்கிற அறைக் கதவைத் தவறித் திறந்துவிட்டால் சொல்லுகிற அந்தக் குரலில், 'சொறி, மிஸ்.' பொறுக்கிய பழங்களைப் பைக்குள் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். வெட்கமாக இருக்கிறது, என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது, ரயிலில் எதிரே இருந்து பேப்பர் வாசிக்கிற மனிதருக்குக்கூடத் தெரிந்திருக்கும்போல இருக்கிறது.

நடுவிலை நிப்பாட்டினா எல்லாம் பழுதாப்போகும் அம்மா, அதுதான்... பொய். தெரிந்தவர் வந்தால் உடனே எழும்பிச் சொல்லிவிட வேண்டும், அந்தத் தடவையைச் சேர்க்க மாட்டார்கள், அதுதான் விதி, முதல் நாளே சொல்லித்தந்தார்கள். கேரன் ஓடிவந்து கேட்கவும் கேட்டாள், 'என்ன ஓட்டம் ஓடிவந்தார், இதுவரை ஒருவரும் இப்படி ஓடி வரவில்லையே, உனக்குத் தெரிந்தவரா?' நோ என்றேன். யோசிக்கக்கூட இல்லை. கேரன் அங்கே நிற்காவிட்டால் அம்மா என்று கூப்பிட்டிருப்பேனா? யூனிஃபோர்ம் தெரியாவிட்டால்? நான் சேலையில் விழுந்திருந்தால்? ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் காரணம் பிடிபடும் என்கிறார் பேராசிரியர், சரி, மாற்றிப் பார்க்கலாம், ஆனால் அதற்கு அம்மா திரும்பவும் அதே மாதிரி ஓடிவர வேண்டுமே... வரமாட்டார். இனி நான் மெய்யாகவே விழுந்தாலும், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று முதலில் பார்ப்பார்.