வெட்டாத மாமரம்

கணாரன் கோடாரியை ஓங்கிவிட்டான். அதற்குள் அண்ணி கௌசு வந்து மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"தள்ளுங்க அண்ணி."

"திங்கக்கிழமை ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வராரு. பிள்ளைங்கள வெயில்லயா உக்கார வைப்ப?"

உள்ளே வாழையிலையில் அவன் அண்ணன், வாத்தியார் அனந்தன் மாஷ் கிடந்தார். விடியற்காலையில் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிருந்தது. ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்தார் என்று பள்ளிக்குச் சொந்தக்காரரான மேனேஜர் அவரை விரட்டியபோது, மாஷ் பிள்ளைகளை இந்த மரத்தடிக்குக் கூட்டிவந்தார். எந்தச் சாதிப் பிள்ளையும் வரலாம். சங்கம் மனுமேல் மனு போட்டு, அங்கீகாரம் தருவதற்குப் பார்வையிட இப்போதுதான் ஆள் வருகிறது. பொழுது சாய்ந்தபின், கல் வெட்டிக் காய்த்துப்போன விரலால் கணாரனும் இங்கேதான் மணலில் எழுதிப் பழகினான்.

ஆனால் ஊர் வழக்கம் ஒன்று இருந்தது. வீட்டு மாமரத்தை வெட்டித்தான் சிதை அடுக்க வேண்டும்.

"செத்தவன் வீட்டு மரம் நிக்குதுன்னா ஊரே காறித் துப்பும்டா. போடு," என்றார் கோரன் மாமா.

கௌசு அவரைப் பார்க்கவில்லை. கணாரனிடம்தான் சொன்னாள்: "மாஷ் போனா சங்கம் இன்னொரு மாஷை அனுப்பும். மரம் போனா?"

கணாரன் கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியோரம் போனான். பிணத்துக்கு விறகு கேட்டு அந்த ஊரில் யாரும் அடுத்த வீட்டு வாசலில் நின்றதில்லை.

"சிருதாக்கா, உங்க மாமரத்துல ஒரு கொம்பு..."

சிருதா முறத்தில் புடைப்பதை நிறுத்தினாள். அவளுடைய இரண்டு பெண்களும் மாஷிடம் படித்தவர்கள்.

"மாஷுக்கா? இதுக்குப்போய் முனகிக்கிட்டு நிக்கிற. ஏறுடா."

அவன் ஒரு கொம்பை இழுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் செய்தி வயல் தாண்டிப் போயிருந்தது. வரப்பெல்லாம் இலையோடு மாங்கொம்புகள் நடந்து வந்தன. மீன்காரர்கள் கொண்டுவந்தார்கள். பானை செய்கிறவர்கள் கொண்டுவந்தார்கள். மேனேஜர் வீட்டுச் சமையல்காரன் மட்டும் பின்பக்கமாக வந்து ஒரு பெரிய கிளையைப் போட்டான்.

"யாராவது கேட்டா, காத்துல முறிஞ்சுதுன்னு சொல்லிக்க."

"காத்தே இல்லியேடா," என்றான் கணாரன்.

"எங்க வீட்டுப் பக்கம் அடிச்சுது."

கௌசு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

கோரன் மாமா குவியலைச் சுற்றி வந்தார். "பெரிய வீட்டுத் தம்புரான் செத்தப்பகூட இவ்வளவு வந்து நான் பாத்ததில்ல," என்று சொல்லிவிட்டு, தானே குனிந்து முதல் கட்டையை எடுத்து வைத்தார்.

திங்கட்கிழமை தோட்டத்தின் தெற்கு மூலையில் சிதைச் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. சங்கம் அனுப்பிய புது மாஷ் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நின்றார். தூரத்து வரப்பில் ஒரு கறுப்புக் குடை அசைந்து வந்தது. கௌசு மரத்தடியைக் கூட்டி முடித்து ஒதுங்கினாள்.

பள்ளி மணியாகக் கிளையில் தொங்கிய இரும்பை அடிக்கும் கட்டையைக் காணோம். விறகோடு விறகாகப் போயிருக்கும். கணாரன் கோடாரியைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்பக்கத்தால் ஓங்கி அடித்தான்.

பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.