குங்குமம் வைத்த முனை

வளைவுக்கு அப்பால் ஓர் உப்பு லாரி அச்சு முறிந்து பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. நாகநாதன் பிரேக்கை மிதித்தான். கார் நின்றது, என்ஜினும் நின்றது. நிறுத்தக் கூடாத வண்டி அது. டைனமோ சரியாக சார்ஜ் ஏற்றாததால் சில நாட்களாக இறக்கத்தில் உருட்டித்தான் கிளப்பிக்கொண்டிருந்தான். பின்சீட்டில் அவன் மனைவி சின்னத்தாயி முழங்காலில் கைகளை ஊன்றி வாயால் மூச்சை இழுத்தாள். ஒவ்வோர் இழுப்புக்கும் நெஞ்சுக்குள் விசிலடித்தது. காலையில் தொடங்கிய இளைப்பு. உதடு நீலம் பூத்திருந்தது. காரைக்குடியில் ஊசி போட்டால் அடங்கும். போன மழைக்கு அப்படித்தான் அடங்கியது. திருக்கோஷ்டியூர் பக்கமிருந்து அடுத்த பஸ் பொழுது சாய்ந்துதான் வரும்.

லாரிக்கடியில் படுத்திருந்த டிரைவர் பொன்னழகு எழுந்து வந்தார். இருவரும் காரைத் தள்ளிப் பார்த்தார்கள். ஹேண்டில் போட்டுச் சுற்றினார்கள். பிளக்கில் பொறி இல்லை.

“வாடகைக் காருன்னு போர்டு வேற. ஏறுறவுகளயும் எறங்கித் தள்ளச் சொல்லுவியோ?” என்றவர் பின்சீட்டைப் பார்த்ததும் லாரிக்குத் திரும்பினார். அதன் பேட்டரியைக் கழற்றித் தூக்கிவந்தார். இரண்டையும் கம்பியால் சேர்த்தால் கார் கிளம்பும். மாற்றிச் சேர்த்தால் பேட்டரி வெடிக்கலாம், ஆசிட் முகத்தில் அடிக்கும், வயர்கள் கருகும். அப்புறம் காரைக்குடி கிடையாது.

கார் பேட்டரியில் பிளஸ், மைனஸ் அடையாளங்கள் தேய்ந்துபோயிருந்தன. ஒரு முனை சிவப்பாக இருந்தது. மற்ற முனையின் கம்பி காரின் பாடியில் முடுக்கியிருந்தது.

“செவப்பு பிளஸ்ஸு. பாடிக்குப் போறது மைனஸு. பிடி.”

“அது... பெயிண்ட் இல்ல,” என்றாள் சின்னத்தாயி, கதவு வழியாக. “ஆயுத பூசைக்கு... நாந்தேன்... குங்குமம் வச்சேன்.”

“ஒண்ணுக்கு மட்டுமா?”

“இன்னொண்ணு பச்சையாப் பூத்திருந்துச்சு... தொடப் பிடிக்கல.”

பொன்னழகு கம்பியைக் கீழே போட்டார். “சாமிக்கே ஷாக் அடிச்சிருக்கும் தாயி.” பிறகு, “இருந்தாலும் பாடி மைனஸுதான். எல்லா வண்டிக்கும் அதான?”

“வெள்ளைக்காரன் வண்டி, இதுக்கு எல்லாமே தலைகீழுன்னு தேவகோட்டை மெக்கானிக் சொன்னாருண்ணே. வெளையாட்டுக்குச் சொன்னாரான்னு தெரியல.”

“கேக்கலையா?”

“அன்னைக்கி ஓடிக்கிட்டு இருந்துச்சுல்ல.”

பொன்னழகு எச்சிலைத் துப்பினார். “பேட்டரிகிட்ட உரசிப் பாக்காத, பொறி பட்டாப் போச்சு. ரிப்பேர் வெளக்கு மாட்டுற ஓட்டை உள்ள எங்குட்டாவது இருக்கும், அதுலயும் பேட்டரி கரண்டுதான். தேடு.”

நாகநாதன் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுத் தடவினான். தூசி அடைத்த இரண்டு சின்னத் துளைகள் அகப்பட்டன. ஒன்றின் கம்பி பாடியில் முடுக்கியிருந்தது. துளைக்கு ஒன்றாக இரண்டு கம்பிகளைச் செருகி வெளியே இழுத்தான். பொன்னழகு சின்னத்தாயியின் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, லோடிலிருந்து ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார்.

“மைனஸ் கம்பிதான் நொரைக்கும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு படாமப் பிடி.”

பேட்டரியில் மிச்சமிருந்தது கொஞ்சம்தான். தண்ணீர் சும்மா இருந்தது. இருவரும் குனிந்தார்கள். பாடியில் சேராத கம்பியின் நுனியில் கடுகைவிடச் சிறிய குமிழ்கள் ஒட்டின.

“தலைகீழுதாண்ணே.”

“கம்பிய ஆட்டுற நீ. அதுல வந்த நொரையா இருக்கும்.”

“பாடிக் கம்பில ஒண்ணுமில்ல, பாருங்க.”

“ஒண்ணு ரெண்டு இருக்கு. வெடிச்சா ஓம் மூஞ்சிடா, எனக்கென்ன.”

பின்சீட்டில் விசில் நின்று, நெடுநேரம் கழித்துத் திரும்ப வந்தது.

“தலைகீழாவே குடுங்க.”

லாரி பேட்டரியின் மைனஸைக் குங்குமம் வைத்த முனையில் கட்டினார்கள். பிளஸ் கம்பியை பேட்டரிக்கு எட்டத்தில், பாடியின் ஒரு போல்ட்டில் வைக்க வேண்டும். நாகநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தான். சின்னதாக ஒரு பொறி. அவ்வளவுதான். ஓடிப்போய் ஸ்டார்ட்டரை இழுத்தான். என்ஜின் முனகியது, இருமியது, பிடித்துக்கொண்டது.

பொன்னழகு கம்பிகளைப் பிடுங்கிவிட்டு பானெட்டை அறைந்து சாத்தினார். “போ. எங்குட்டும் நிறுத்தாத.”

லாரியைக் கடந்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்தினான். தகரமெல்லாம் அதிர என்ஜின் அலறியது. அந்தச் சத்தத்தில் பின்னாலிருந்து எதுவும் கேட்கவில்லை.

“தாயி,” என்றான். இன்னொரு முறை, உரக்க.

கண்ணாடியில் அவள் தலை ஜன்னலோரம் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கார் ஆடியதால் ஆடியதா என்று தெரியவில்லை. காலைக் கொஞ்சம் தூக்கினால் மூச்சு கேட்கும். என்ஜினும் நின்றுபோகலாம். அவன் காலை இன்னும் அழுத்தினான். தலை இன்னும் வேகமாக ஆடியது.