முடிச்சிடாத செந்நூல்

கூரையின் விளிம்பைத் தொடுமளவு உயர்ந்து, வயலையும் வழியையும் கிணற்றையும் வேலியையும் ஒன்றுபோல் விழுங்கி, பகலில் சற்றே இளகி இரவில் மீண்டும் இறுகிக் கல்லாகிப்போன பனியின்மேல், குளிர்காலம் முதுமை எய்திய ஒரு நாளின் காலை வெயில், தறியிலிருந்து அப்போதே அறுத்தெடுத்து விரித்த புதுத்துணிமேல் விழுவதுபோல் மடிப்பின்றி விழுந்து கிடந்தது. உடல்வலுவுள்ள ஆடவரெல்லாம் அரிசிமது வடிக்கும் தொழிலுக்கென்று மலைகளுக்கு அப்பாலுள்ள ஊர்களுக்குச் சென்றுவிட்டமையால், கீழைக்கடல் தீவிலுள்ள எச்சிகோ நாட்டின் அச்சிற்றூரில் அப்பருவத்தில் எழுந்த ஓசைகள் பெண்டிர் குரலும், பிள்ளைகள் குரலும், கூரையினின்று சரியும் பனியின் பெருமூச்சுமே. பனி இறுகிவிட்டால் வளைந்து செல்லும் வழிகளுக்கு வேலையில்லை. வயல்மேலேயே நேராக நடந்துவிடலாம். அவ்வாறே நாற்புறமிருந்தும் ஊசிப்பெட்டிகளை மார்போடணைத்து வந்த சிறுமியர், பனியில் வெட்டிய படிகளில் ஒருத்திபின் ஒருத்தியாக இறங்கி, நிலத்துக்கடியில் புகுவார்போல் நவோவின் வீட்டுக்குள் புகுந்துகொண்டிருந்தனர். படிப்போரே, நாமும் சற்றே தலைகுனிந்து அவர்களோடு உள்ளே செல்வோம், வாயில் தாழ்வானது.

நடுவீட்டில் தரையைக் குழித்து அமைத்த அடுப்பில் தீ கனன்றது. அதன் ஒருபுறம் வைக்கோலால் முடைந்த ஆழ்ந்த கூடையில், தலைமட்டும் வெளியே தெரிய, யோகிச்சி என்னும் கைக்குழந்தை கொழுத்த பூசணிபோல் அமர்ந்திருந்தது. மறுபுறம் சிறுமியரை வட்டமாக இருத்தி, ஊசி பிடிக்கும் வகையைக் கற்பித்துக்கொண்டிருந்தாள் அதன் தாய் நவோ. மதுவடிப்போன் எய்சாகுவுக்கு இரண்டாம் மனைவியாக வந்தவள் அவள். மூத்தவள் விட்டுச்சென்ற மகள் கினு, பத்து அகவையினள், அச்சிறுமியருள் ஒருத்தியாக அமர்ந்து, மற்றவர்கள் அழைப்பதுபோலவே தானும் நவோவைத் 'தையலம்மா' என்றே அழைத்துவந்தாள். வேறு பெயரால் அழைத்தாளில்லை. அழைக்குமாறு நவோவும் கேட்டாளில்லை.

அவள் கற்பித்தவை மிகச் சில. தரை துடைக்கும் துணியை மடித்து ஓட்டுத்தையல் இடுதல், ஓரத்தைக் கெட்டித்தையலால் இறுக்குதல், இறுதியில் முடிச்சிட்டு, அம்முடிச்சைத் துணிக்குள் ஒளித்து, எஞ்சிய நூல்வாலை ஒட்ட நறுக்குதல். இவற்றுள் அவள் உயிரெனக் கருதியது கடைசியையே.

"தையலம்மா, என்னால எந்திரிக்க முடியல" என்றாள் மிச்சி என்னும் சிறுமி.

"ஏன், கால் மரத்துப் போச்சா?"

"இல்ல. துணியை என் உடுப்போட சேத்துத் தச்சுட்டேன்."

"பரவால்ல, அப்படியே வீட்டுக்குப் போ. உங்கம்மா உன்னை வச்சே தரையைத் துடைச்சுக்குவாங்க" என்றாள் கினு.

வட்டம் முழுதும் சிரிப்பு அலைந்தது. ஆனால் அச்சிரிப்பு ஓயுமுன், கினுவின் துணியைக் கையிலெடுத்த நவோவின் புருவம் நெரிந்தது. ஓரத்தில் நூல்வால் ஒன்று நறுக்கப்படாமல் தொங்கிற்று.

"இது என்ன, எலிவாலா? முடிவை ஒழுங்கா முடிக்காதவ எவ்வளவு தச்சாலும் தைக்காதவதான்" என்று கூறி, எல்லோர் முன்னும் அத்தையல் முழுவதையும் உருவிப் பிரித்து, மீண்டும் முதலிலிருந்து தைக்குமாறு கொடுத்தாள். தன் வீட்டுப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று பிறர் எண்ணலாகாது என்பது அவள் கருத்து. கினு செவி சிவக்கத் தலைகுனிந்து, பகல் சாயும்வரை தைத்தாள்.

இனி, நம் கதை எந்த நூலில் தொங்குகிறதோ அந்த நூலைக் கூறுவோம். வளர்ந்தோர் ஆடைக்கு முதுகின் நடுவே தையல் உண்டு. அத்தையலின் ஒவ்வோர் இழையும் பின்னால் வரும் தீமையைப் பார்த்துக் காக்கும் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. கைக்குழந்தையின் ஆடையோ ஒரே அகலத் துணியாதலால், முதுகில் தையலின்றிக் காவலற்றுக் கிடக்கும். ஆகவே தாயர் கழுத்துக்குக் கீழே செந்நூலால் சிறுவரி ஒன்று தைத்து, நூலின் கடைசியை முடிச்சிடாமல், நறுக்காமல் தொங்கவிடுவர். குழந்தை தீயிலோ நீரிலோ வீழுமாயின், கண்காணாக் கை ஒன்று அந்நூலைப் பற்றி இழுத்துக் கரைசேர்க்கும். மூன்று குளிர்காலங்களுக்கு முன் நவோ ஈன்ற முதல் மகவுக்கு, தன் தொழிற்செருக்கினால் அவ்வாலை விரற்கணு அளவே விட்டிருந்தாள். அம்மகவு காய்ச்சலில் நீங்கிற்று. நூலுக்கும் காய்ச்சலுக்கும் என்ன தொடர்பு என்று அறிவு கேட்டது. ஈன்ற வயிறு அக்கேள்வியைக் கேட்டதேயில்லை. யோகிச்சியின் பஞ்சடைத்த ஆடையில் அவள் விட்டிருந்த செந்நூல் ஒரு சாண் நீளமுடையது.

மறுநாள் காலை, பிள்ளைகள் வருமுன், அடுப்பின் மேல் தொங்கிய சட்டத்தில் உலர்ந்திருந்த அவ்வாடையை எடுத்துவந்தாள் எய்சாகுவின் அக்காளும், கைம்பெண்ணாய்த் திரும்பிவந்து அவ்வில்லத்தை ஆள்பவளுமாகிய தொமெ. வந்தவள் நின்றாள்.

"நவோ, இந்தா, இதைப் பாரு. ஒட்ட நறுக்கி வச்சிருக்கா உன் மாணவி."

நவோ வாங்கிப் பார்த்தாள். செந்நூல்வால் இருந்த இடத்தில் ஏதுமில்லை.

"கினு, நீயா நறுக்கினே?" என்றாள் தொமெ.

"ஆமா, அத்தை."

"எதுக்கு?"

கினு தன் காற்பெருவிரலையே நோக்கி நின்றாள்.

"எதுக்குன்னு எனக்குத் தெரியும். நேத்து நாலு பேர் முன்னால வாங்கிக்கிட்டால்ல, அதைத் தம்பி முதுகுல தீத்துக்கிட்டா. கிழவன் ஜின்பாச்சி நாளைக்குச் சறுக்குவண்டி பூட்டுறான். ஆத்துக்கு அந்தப்பக்கம் அவ தாய்மாமன் வீட்டுல இறக்கி விட்டுடச் சொல்றேன். எய்சாகு வந்தா நான் பேசிக்கிறேன்." பின் சற்றே குரல் தாழ்த்தி, "போன பிள்ளைக்கே நீ வாலைக் குட்டையாத்தான் விட்டே. இன்னொண்ணையும் விட்டுக் கொடுக்கப் போறியா?" என்றாள்.

அச்சொல் தைத்த இடம் நவோ ஒருத்தியே அறிவாள். அவள் கினுவை நோக்கினாள். நேற்றுச் சிவந்த செவிகள் அவள் நினைவில் வந்தன. தான் பிரித்தெறிந்த தையல் வந்தது. கூடையிலிருந்து கைநீட்டி ஒலியெழுப்பும் மகன் கண்முன் இருந்தான். அப்படித்தான் இருக்குமோ என்னும் ஐயம், பலகை இடுக்கில் நுழையும் பனிக்காற்றுப்போல் ஓசையின்றி உள்ளே வந்து அமர்ந்தது. தொமெயின் சொல்லுக்கு அவள் மறுமொழி கூறாதிருந்தால் போதும்; நாளை அச்சிறுமி போய்விடுவாள்.

அவள் கை தானறிந்த வேலையைச் செய்தது. ஆடையைத் தீயொளியில் பிடித்து, நறுக்கிய இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள். நகத்தில் ஏதோ நெருடிற்று. துணியை மறித்துப் பார்த்தாள். எள்ளினும் சிறிய மூன்று கெட்டித்தையல்கள். அவற்றின் அடியில் ஒரு முடிச்சு. முடிச்சைத் துணிக்கும் உட்துணிக்கும் நடுவே இழுத்து ஒளித்த தடம். பழகாத விரல்கள் பன்முறை முயன்று செய்த வேலை அது. ஊசி தவறிப் புகுந்த துளைகளும் அருகே இருந்தன.

"நறுக்குறதுக்கு முன்னால முடிச்சுப் போட்டியா?" என்றாள் மெல்ல.

"ம்."

"எதுக்கும்மா?"

கினு அத்தையை ஒருமுறை பார்த்துவிட்டு, நவோவின் அருகில் வந்து, ஏறக்குறைய அவள் தோளிடம் கூறினாள்: "நீங்க முடிக்க மறந்துட்டீங்கன்னு நினைச்சேன். அத்தை பார்த்தா உங்களை ஏதாவது சொல்லுவாங்க. அதான் தெரியாம முடிச்சு வச்சேன். அதைச் சொன்னா, நீங்க மறந்தது தெரிஞ்சிடுமேன்னு..."

அடுப்பில் ஒரு கொள்ளி சரிந்தது. நவோ ஆடையைத் தொமெயின்முன் விரித்து, அம்மூன்று தையல்களின்மேல் விரல் வைத்தாள்.

"அண்ணி, கெடுக்கணும்னு நினைக்கிறவ கத்திரியைத்தான் எடுப்பா. உக்காந்து ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருக்க மாட்டா."

தொமெ அதைத் தீயருகே கொண்டுபோய், கண்ணைச் சுருக்கி நெடுநேரம் நோக்கினாள்.

"மூணாவது கோணல்" என்றாள் இறுதியில். பின்னர், "அப்ப ஜின்பாச்சிக்கு நான் என்னத்தைச் சொல்றது?"

"உப்பு வாங்கிட்டு வரச் சொல்லுங்க. தீந்துபோச்சு."

"அது எனக்குத் தெரியாதாக்கும்" என்று கூறியவாறே, தொமெ எழுந்து சென்று அரிசியை ஊறவைத்தாள்.

அன்று பிள்ளைகள் வந்து சென்றபின், நவோ முடிச்சை அவிழ்த்து, பழைய நூலை உருவி, ஊசியில் புதுச்செந்நூல் கோத்துக் கினுவின் கையில் கொடுத்தாள். சிறுமி வரியைத் தைத்தாள். கடைசித் தையல் வந்ததும், நூலைச் சுழற்றி முடிச்சிடுமாறு விரல்கள் தாமே வளைந்தன.

"வேண்டாம். அப்படியே விடு."

"விட்டா பிரிஞ்சிடாதா, தையலம்மா?"

"பிரிஞ்சா மறுபடி தைக்கலாம். புடிக்கிற கைக்கு ஏதாவது கிடைக்கணும்ல?"

"யாரு புடிப்பாங்க?"

கண்காணாக் கை என்று தன் தாய் தனக்குக் கூறிய விடை நவோவின் நாநுனிவரை வந்தது. ஆயினும் அவள் கூறியது வேறு. "யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்க."

கினு சிறிது எண்ணினாள். "அப்ப எவ்வளவு நீளம் விடணும்?"

"உன் கைக்கு எட்டுற அளவு."

பிற்பகலில், பனியொளி சாளரத்தில் ஒட்டிய காகிதத்தின் வழியே பாலெனப் பரவிய வேளையில், நவோ பார்த்தபோது, யோகிச்சி தன் கூடையில் உறங்கிக்கொண்டிருந்தான். கூடையோடு சாய்ந்து கினுவும் உறங்கிப்போயிருந்தாள். குழந்தையின் கழுத்தின் பின்புறம் வெளியே விழுந்திருந்த செந்நூலின் முனை அவள் சுட்டுவிரலில் இருமுறை சுற்றியிருந்தது. அதை எடுக்கப்போன நவோ எடுக்கவில்லை. தொமெ வந்து இருவருக்கும் பொதுவாய் ஒரு போர்வையை இட்டுச் சென்றாள்.

முடிச்சிட்டு மறைத்து ஒட்ட நறுக்க வேண்டிய நூல்களே வாழ்வில் மிகப்பல; அவற்றைக் கற்பித்தல் அத்துணை அரிதன்று. முடிக்காமல் தொங்கவிட வேண்டிய ஒரே ஒரு நூலுக்கு அளவுகோல் இல்லை. அதன் மறுமுனையில் எந்தக் கை இருக்கிறதென்று பார்த்தே அதன் நீளத்தை அறிய வேண்டும். பனி உருகி, எய்சாகு மலை கடந்து வரும்வரையிலும், அவன் வந்த பின்னரும், கினு நவோவைத் தையலம்மா என்றே அழைத்துவந்தாள். அப்பெயரில் ஏதும் குறைவதாக நவோவுக்கு அதன்பின் தோன்றவேயில்லை.